ஃபிரான்சைஸ் கொடுப்பதா, வேண்டாமா: ஒரு சலவை நிறுவனத்தை முன்வைத்து நிகழ்வு ஆய்வு

மூன்று நிலையங்களோடு நன்றாக நடந்துகொண்டிருக்கும் ஒரு சலவை நிறுவனத்தின் உரிமையாளரிடம், ஒரே ஆண்டில் நான்கு பேர் வந்து, அவருடைய பெயரில் தங்களுக்கும் ஒரு நிலையம் வேண்டும் என்று கேட்டார்கள். இப்படித் தன் பெயரிலும் முறையிலும் நிலையம் நடத்தும் உரிமையைக் கட்டணத்துக்குப் பிறருக்குக் கொடுப்பதுதான் ஃபிரான்சைஸ். ஐந்தாவதாக வந்தவர் நிலையம் கேட்கவில்லை. நிலையம் கேட்பவர்களைத் தேடிப்பிடித்துத் தரும் தரகர் அவர். ஆண்டுக்குப் பத்துக் கிளைகள் என்று அச்சிட்ட திட்ட அறிக்கையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். உரிமையாளருக்கு அந்த அறிக்கை பிடித்திருந்தது. கடன் வாங்க வேண்டியதில்லை, கட்டடம் பிடிக்க வேண்டியதில்லை, அடுத்தவர் முதலீட்டில் தன் பெயர் வளரும் என்பதில் யாருக்குத்தான் ஆசை வராது? கையெழுத்திடுவதற்கு முன் எந்தக் கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும், அந்த விடைகள் இந்த நிறுவனத்தை எந்த முடிவுக்குக் கொண்டுசென்றன என்பதே இந்த ஆய்வின் பொருள்.

இந்த நிறுவனம் ஆய்வுக்கென அமைத்துக்கொண்ட மாதிரி என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதன் கணக்கு எந்தத் தனி நிறுவனத்தின் ஏட்டிலிருந்தும் எடுத்ததன்று. பணத்தொகையைச் சொன்னால் இடத்துக்கு இடம் பொருள் மாறிவிடும் என்பதால், முதல் நிலையத்தின் ஓராண்டு விற்பனையை 100 என்று கொண்டு மற்ற எல்லாவற்றையும் அந்த அளவிலேயே தருகிறேன். வரலாறு, சட்டம் பற்றிய செய்திகள் மட்டும் உள்ளபடி உள்ளவை.

நிறுவனத்தின் நிலை

முதல் நிலையம் பதினோரு ஆண்டுகளாக நடக்கிறது. காலையில் கதவைத் திறப்பதிலிருந்து இரவில் கல்லாவை எண்ணி முடிப்பதுவரை உரிமையாளர் அங்கேயே இருக்கிறார். பணியாளர்கள் அவரை அக்கா என்றே அழைக்கிறார்கள். சிக்கலான துணி எது வந்தாலும் அது அக்காவின் கைக்குப் போய்விட்டுத்தான் இயந்திரத்துக்குப் போகும். இரண்டாவது நிலையத்தை, அவரிடமே எட்டு ஆண்டுகள் வேலை கற்றவர் பார்த்துக்கொள்கிறார். மூன்றாவதற்கு மட்டும் வெளியிலிருந்து மேலாளர் ஒருவரைச் சம்பளத்துக்கு எடுத்து, ஆறு வாரப் பயிற்சி கொடுத்து அமர்த்தியிருக்கிறார்.

மூன்றுமே லாபத்தில் நடக்கின்றன என்பதுதான் தரகரின் வாதத்துக்கு அடிப்படை. ஆனால், அறியாத ஒருவரின் கையில் இந்தத் தொழில் எப்படி நடக்கும் என்பதற்கு முதல் நிலையம் சான்றாகாது, இரண்டாவதும் ஆகாது. எட்டு ஆண்டு கற்றவர் கிடைக்கும் ஊரெல்லாம் நிலையம் திறக்க முடியாது. மூன்றாவது நிலையம் ஒன்றுதான் ஃபிரான்சைஸ் எடுப்பவரின் நிலைமைக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வருகிறது. ஆகவே விசாரணையை அங்கிருந்து தொடங்கியிருக்க வேண்டும். எல்லாரும் செய்வதுபோல் இங்கும் முதல் நிலையத்தின் கணக்கிலிருந்தே தொடங்கினார்கள்.

நூறில் மிஞ்சுவது எவ்வளவு

முதல் நிலையத்தின் ஏட்டில் செலவு இப்படி இருந்தது: கூலி 30, வாடகை 14, மின்சாரமும் தண்ணீரும் 9, சோப்பும் கரைப்பானும் உறையும் சேர்ந்து 8, வண்டி 6, பழுது பார்த்தல், மென்பொருள், தொலைபேசி முதலிய சில்லறை 7, கெட்டுப்போன துணிக்கான இழப்பீடு 1. மொத்தம் 75. மிச்சம் 25. நூறு ரூபாய்க்கு இருபத்தைந்து ரூபாய் நிற்கும் தொழில் என்று தரகரின் அறிக்கையில் தடித்த எழுத்தில் இருந்தது இந்த எண்தான்.

இதில் உரிமையாளரின் உழைப்புக்குக் கூலி எழுதப்படவில்லை. அவர் இடத்தில் ஒரு மேலாளரை வைத்தால் ஆகும் சம்பளம் 9. அதைக் கழித்தால் மிச்சம் 16. இயந்திரங்கள் பத்தாண்டு உழைக்கும் என்று கொண்டால் தேய்மானம் ஆண்டுக்கு 6. அவை எப்போதோ வாங்கிய இயந்திரங்கள் என்பதால் ஏட்டில் அந்த வரியே இல்லை. இப்போது 10. வாடகை ஒப்பந்தம் பதினோரு ஆண்டுக்கு முந்தையது; இன்று அதே அளவு இடத்தைப் புதிதாகப் பிடித்தால் 14க்குப் பதிலாக 18 ஆகும். எனவே 6. ஃபிரான்சைஸ் எடுப்பவர் இந்த 6க்குள்ளிருந்துதான் ராயல்டியும் (பெயரையும் முறையையும் பயன்படுத்துவதற்காக விற்பனையிலிருந்து தொடர்ந்து தரும் பங்கு) விளம்பரப் பங்கும் கொடுக்க வேண்டும். தரகர் முன்மொழிந்தது விற்பனையில் 6 சதவீத ராயல்டி, 2 சதவீத விளம்பரப் பங்கு. இந்த விகிதங்கள் ஒன்றும் அதிகமல்ல, பொதுவாகப் புழக்கத்தில் இருப்பவைதான். ஆயினும் இரண்டையும் கொடுத்தபின் நிலையம் 2 நட்டத்தில் நிற்கிறது.

“மேலாளரை வைக்காமல் அவரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டால்?” என்பது உடனே வரும் மறுப்பு. அப்போது அவர் கையில் 7 நிற்கும். அதே வேலைக்கு வேறிடத்தில் அவருக்குக் கிடைக்கக்கூடிய சம்பளம் 9. சேமிப்பையெல்லாம் கொட்டி, தன் உழைப்பின் சந்தை விலையைவிடக் குறைந்த சம்பளத்துக்கு அவர் ஒரு வேலையை விலைக்கு வாங்கியிருக்கிறார் என்றுதான் இதற்குப் பொருள். இப்படிப்பட்டவர் முதல் இரண்டு ஆண்டு பொறுத்துக்கொள்வார். அதற்குப் பிறகு சோப்பை மாற்றுவார், கணக்கை மறைப்பார், ராயல்டியை நிறுத்துவார், கடைசியில் வழக்குக்குப் போவார். அவரை நேர்மையற்றவர் என்று எப்படிச் சொல்வது? அந்தக் கணக்கில் நேர்மையாக இருக்க இடமே விடப்படவில்லை.

செலவைக் குறைக்க வழி இல்லாமலில்லை. டிரை கிளீனிங் இயந்திரத்தை ஒவ்வொரு நிலையத்திலும் வைக்காமல் அந்த வேலையை மட்டும் முதல் நிலையத்துக்கு அனுப்பினால் தேய்மானத்தில் 3, கூலியில் 3 குறையும். ரசாயனத்தை மொத்தமாக வாங்கிப் பகிர்ந்தால் 2 குறையும். அந்த 8ஐச் சேர்த்துக்கொண்டால், ராயல்டி போக, மேலாளர் சம்பளமும் போக, 6 மிஞ்சுகிறது. டிரை கிளீனிங்குக்கு முதல் நிலையம் வாங்கப்போகும் கூலியை இன்னும் கழிக்கவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சற்றுத் தாராளமாகவே 6 என்று வைத்துக்கொள்வோம். இயந்திரத்துக்கும் உள்ளமைப்புக்கும் போட்ட முதல் 60, நுழைவுக் கட்டணம் 15, முதல் ஆண்டின் பற்றாக்குறைக்காகக் கையிலிருந்து போட வேண்டியது சுமார் 10, ஆக 85. ஆண்டுக்குக் கையில் நிற்கும் பணம், உபரியும் தேய்மானமும் சேர்ந்து, 9 முதல் 12க்குள். போட்ட முதலீடு திரும்ப ஏழு முதல் ஒன்பதரை ஆண்டுகள் ஆகும். ஒப்பந்த வரைவில் இருந்த காலமோ ஐந்து ஆண்டுகள். இந்த இரண்டு எண்களையும் ஒரே தாளில் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தவுடன் உரிமையாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

தொலைபேசிக் குறிப்பேடு

கணக்கு சரியாக வந்தாலும் அது பாதிக் கேள்விதான். அக்காவின் கைத்திறன் அக்காவை விட்டு வெளியே போகுமா என்பது மறுபாதி. இதற்கு விடை காணச் செய்தது மிக எளிய காரியம். மூன்றாவது நிலையத்திலிருந்து உரிமையாளருக்கு வரும் ஒவ்வொரு தொலைபேசி அழைப்பையும் இரண்டு வாரம் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தார்கள். எப்போது, எதற்கு, என்ன பதில் என்ற மூன்று பத்திகள் மட்டும்.

இரண்டு வாரத்தில் 61 அழைப்புகள். அவற்றில் 38, இந்தத் துணியை வாங்கலாமா, இந்தக் கறை போகுமா என்று கேட்டவை. 14, கெட்டுப்போனது, காணாமற்போனது, வாடிக்கையாளர் சத்தம் போடுகிறார் என்பவை. மற்ற 9 பலவகை. ஓர் அழைப்பு அந்த ஏட்டில் இருந்தபடியே: “அக்கா, ஒரு கோட்டு வந்திருக்கிறது, உள்துணியில் சாயம் கசிந்த மாதிரி இருக்கிறது, வாங்கலாமா?” பதில் பத்தியில்: “காலர் உட்புறத் தையலைப் பார்க்கச் சொன்னேன். ஏற்கெனவே ஒருமுறை பிரித்துத் தைத்திருக்கிறார்கள். வாங்க வேண்டாம் என்றேன்.”

சலவைத் தொழிலில் எழுதிவைக்கக்கூடிய அறிவு நிறைய உண்டு. ரத்தக் கறையை வெந்நீரில் நனைத்தால் இறுகிவிடும், குளிர்ந்த நீர்தான் வேண்டும். கறை முழுதும் போகாத துணியில் இஸ்திரிப் பெட்டி படக்கூடாது. சாயம் நிற்குமா என்று பார்க்க ஈரப் பஞ்சை மடிப்புத் தையலின் உட்புறத்தில் ஒற்றிப் பார்க்க வேண்டும். பராமரிப்புச் சீட்டில் வட்டத்துக்குள் பி என்ற எழுத்து இருந்தால் பெர்குளோரோஎத்திலீன் என்ற கரைப்பானைத் துணி தாங்கும், எஃப் என்றிருந்தால் ஹைட்ரோகார்பன் கரைப்பான் மட்டுமே. இவற்றைக் கையேட்டில் எழுதலாம், சுவரில் ஒட்டலாம், ஆறு வாரத்தில் சொல்லியும் கொடுக்கலாம். ஆனால் காலரின் உட்புறத் தையலைப் பார் என்பது எந்தக் கையேட்டிலும் இல்லை. அந்தக் கோட்டு வரும்வரை அக்காவுக்கே அப்படி ஒரு விதி தம்மிடம் இருப்பது தெரியாது. மேலும், இந்த நிலையத்தின் நற்பெயர் எவ்வளவு நன்றாக வெளுக்கிறது என்பதால் மட்டும் வந்ததன்று, எதை வெளுக்க மறுக்கிறது என்பதாலும் வந்தது. விற்பனையைக் கூட்ட நினைக்கும் புதிய ஆள் முதலில் கைவிடுவது மறுப்பதைத்தான்.

ஃபிரான்சைஸின் வரலாற்றில் இதற்கு ஒரு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. பல ஆண்டுகள் வீட்டு வேலை செய்து வாழ்ந்த மார்த்தா மட்டில்டா ஹார்ப்பர் 1888இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் பெண்களுக்கான சிகை அலங்கார நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1891இலிருந்து தம் பெயரிலும் முறையிலும் நிலையம் நடத்தும் உரிமையைப் பிற பெண்களுக்கு வழங்கினார். உச்சத்தில் 500க்கும் மேற்பட்ட நிலையங்கள் இருந்தன. அவர் தேடியது பணக்காரர்களை அல்ல, தம்மைப் போலவே வேலைக்காரிகளாக இருந்த பெண்களை. அவர்களுக்குப் பயிற்சிப் பள்ளி வைத்தார். தையல் இயந்திரம் விற்ற சிங்கர் நிறுவனம் இதற்கு முன்பே, 1850களில், விற்பனை உரிமையை வட்டாரம் வட்டாரமாகப் பிறருக்கு விற்றது. பின்னர் அந்த முறையிலிருந்து விலகிச் சொந்தக் கிளைகளுக்கு மாறியது. ஹார்ப்பர் ஆட்களை உருவாக்கினார், சிங்கர் நிலப்பரப்பை விற்றது. நம் தரகரின் பத்துக் கிளைத் திட்டம் இரண்டாவது வகை.

தலைமையகத்துக்குச் சோறு யார் போடுவது

கிளை எடுப்பவரின் கணக்கைப் பார்த்தாயிற்று. கொடுப்பவரின் கணக்கு என்ன? நிலையங்களை மேற்பார்வையிட இரண்டு பேர் 18, பயிற்சியாளர் 10, கணக்கும் மென்பொருளும் 12, வழக்கறிஞரும் ஆவணப் புதுப்பிப்பும் 8, பயணம் 10, உரிமையாளர் தம் நேரத்தை இதற்குக் கொடுப்பதால் பழைய நிலையங்களில் ஏற்படும் இழப்பு 14. மொத்தம் 72. முழு விற்பனைக்கு வந்துவிட்ட ஒரு நிலையம் தரும் ராயல்டி 6. அப்படியானால் 12 நிலையங்கள் முழு வேகத்தில் ஓடினால்தான் தலைமையகம் கடனில்லாமல் நிற்கும். முதலாண்டில் ஒரு புதிய நிலையம் 60 விற்றாலே நன்று. அப்போது ராயல்டி 3.6தான், தேவைப்படும் நிலையங்கள் 20.

தரகரின் பத்துக் கிளைகளும் முதல் நாளிலேயே திறந்துவிட்டதாக வைத்துக்கொண்டாலும் ராயல்டி வரவு 36. நுழைவுக் கட்டணம் 15இல் தரகுக்கு 6, பயிற்சிக்கு 3, திறப்பு வேலைக்கு 3 போக மிஞ்சுவது 3, பத்துக்கு 30. ஆக 66. அப்போதும் 72க்கு எட்டவில்லை. இங்கே பற்றாக்குறையைவிடக் கவலைக்குரியது வேறொன்று. தலைமையகத்தின் வரவில் கிட்டத்தட்டப் பாதி, ஏற்கெனவே உள்ள நிலையங்கள் நன்றாக நடப்பதால் வருவதன்று, புதிய நிலையங்களை விற்பதால் வருவது. அடுத்த ஆண்டும் சம்பளம் போட வேண்டுமானால் அடுத்த ஆண்டும் பத்துப் பேருக்கு விற்றாக வேண்டும். யாருக்கு விற்கக்கூடாது என்று மறுக்கும் உரிமை அங்கே பறிபோகிறது. அழுக்குத் துணியை மறுப்பதில் அவ்வளவு கண்டிப்பான அக்கா, ஆளை மறுக்க முடியாதவராக ஆகிவிடுவார்.

ராயல்டி மட்டும் தலைமையகத்தைத் தாங்காது என்பது பெரிய நிறுவனங்களும் பட்டுத் தெரிந்துகொண்டதுதான். ரே கிராக் 1955இல் மெக்டொனால்ட்ஸ் உரிமங்களை வழங்கத் தொடங்கியபோது சேவைக் கட்டணம் விற்பனையில் 1.9 சதவீதம், அதிலும் 0.5 சதவீதம் நிறுவனரான சகோதரர்களுக்குப் போய்விட்டது. 1956இல் அவருடைய நிதி நிர்வாகி ஹாரி சோன்போர்னின் யோசனைப்படி இடத்தைத் தாமே பிடித்து, உரிமம் எடுப்பவருக்கு வாடகைக்கு விடும் தனி நிறுவனம் அமைத்த பிறகே அந்தத் தொழில் காலூன்றியது. நம் உரிமையாளரிடம் இடம் பிடிக்கும் முதல் இருந்திருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது.

அடுத்தவர் முதலீட்டில் வளரலாம் என்பது ஃபிரான்சைஸுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் முதல் காரணம். பொருளியலாளர் பால் ரூபின் 1978இல் இதைக் கேள்விக்குள்ளாக்கினார். ஒரே ஒரு நிலையத்தில் தன் சேமிப்பு முழுவதையும் போடுபவர், எல்லா நிலையங்களிலும் சிறு சிறு பங்கு வாங்குபவரைவிடப் பெரிய ஆபத்தை ஏற்கிறார்; எனவே அவர் எதிர்பார்க்கும் ஆதாயமும் அதிகமாகத்தான் இருக்கும்; முதல் திரட்டுவது மட்டும் நோக்கமானால் அதற்கு இது விலை உயர்ந்த வழி. தொலைவில் உள்ள ஒரு மேலாளரைக் கண்காணிப்பது கடினமாக இருக்கும்போது, அவரையே உரிமையாளராக்கி அக்கறையை உண்டாக்குவதுதான் ஃபிரான்சைஸின் உண்மையான பயன் என்பது அவருடைய வாதத்தின் சாரம். இந்த நிறுவனத்துக்கு ஃபிரான்சைஸ் ஏன் உதவாது என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது. மூன்றாவது நிலையத்தில் அக்கறைக்குக் குறைவில்லை, அறிவு போதவில்லை. அக்கறையைக் கூட்டும் மருந்து அறிவுப் பஞ்சத்தைத் தீர்க்காது.

சட்டம்

இதைச் சுருக்கமாகவே சொல்ல முடியும், ஏனென்றால் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணைய விதி 1979இல் நடைமுறைக்கு வந்தது, 2007இல் திருத்தப்பட்டது. கையெழுத்துக்கோ பணம் கைமாறுவதற்கோ குறைந்தது 14 நாள் முன்னதாக, 23 தலைப்புகளில் விவர ஆவணம் தர வேண்டும். பிரான்சில் 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி 20 நாள். இந்தியாவில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இல்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டம் போன்றவற்றின் கீழேயே எல்லாம் நடக்கிறது.

நம் கேள்விக்கு நேராகத் தொடர்புடையவை வேறு இரண்டு. சீனாவில் 2007 மே முதல் நாள் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, ஃபிரான்சைஸ் கொடுப்பவர் குறைந்தது இரண்டு நிலையங்களைத் தாமே நேரடியாக ஓராண்டுக்கு மேல் நடத்தியிருக்க வேண்டும். இத்தாலியின் 2004ஆம் ஆண்டுச் சட்டம், தம் வணிக முறையைச் சந்தையில் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும் என்கிறது. தாம் நடத்திப் பார்க்காததைப் பிறருக்கு விற்காதே என்பதே இரண்டின் பொருளும். இப்படிச் சட்டம் இல்லாத நாட்டில் இருப்பவரும் இதைத் தமக்கே விதித்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து; உரிமம் எடுத்து விலகியவர்களின் பெயர்களையும் தெரிவிக்க வேண்டும் என்ற அமெரிக்க விதியையும் அவ்வாறே.

ரேக்கில் தொங்கும் துணிகள்

ஒப்பந்த வரைவு நாற்பது பக்கம் இருந்தது. பெயர்ப்பலகையின் நிறம், சீருடை, ராயல்டி செலுத்தும் தேதி எல்லாம் அதில் உண்டு. உரிமையாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “ஒரு நிலையம் மூடிவிட்டால், அன்று ரேக்கில் தொங்கும் துணிகளை யார் திருப்பிக் கொடுப்பது?” தரகரிடம் பதில் இல்லை. எந்த நாளிலும் ஒரு நிலையத்தில் சில நூறு பேரின் துணி இருக்கும். ரசீதில் இருப்பது அக்காவின் நிறுவனப் பெயர். வாடிக்கையாளருக்கு உள்ளே யார் உரிமையாளர் என்பது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. பூட்டிய கடைக்கு வெளியே நிற்பவர் முதல் நிலையத்துக்குத்தான் வருவார்.

இந்த ஒரு கேள்வியிலிருந்து மற்றவை தாமாகவே வரிசையாக வந்தன. இடத்தின் வாடகை ஒப்பந்தம் யார் பெயரில்? வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண்கள் யாருடையவை? தள்ளுபடி அறிவிப்பது யார்? கடைசிக் கேள்வி சிறிதாகத் தோன்றும். ராயல்டி விற்பனையின்மேல் கணக்கிடப்படுகிறது. விற்பனையைச் சரிபார்ப்பது எளிது, லாபத்தைச் சரிபார்ப்பது கடினம் என்பதே அதற்குக் காரணம். ஆனால் தள்ளுபடியால் விற்பனை கூடி லாபம் குறைந்தால் தலைமையகத்துக்கு வரவு, நிலையத்துக்கு நட்டம். அந்த முடிவை யார் எடுப்பது என்று எழுதாத ஒப்பந்தத்தில் சண்டை முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது.

கேட்டு வந்த நால்வர்

ஒருவர் ஓய்வூதியத் தொகை முழுவதையும் போடத் தயாராக இருந்தார். தொழிலில் உட்கார விருப்பமில்லை. இன்னொருவர் முதலீட்டாளர், ஐந்து வட்டாரங்களை மொத்தமாகக் கேட்டார். மூன்றாமவர் நெடுநாள் வாடிக்கையாளர். நல்லவர், ஆனால் துணியைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான்காமவர் இரண்டாவது நிலையத்தைப் பார்த்துக்கொள்பவர். அவரிடம் பணம் இல்லை என்பதால் தரகர் அவரைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. முதலாமவரை ஏற்பதை நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன். ஏழு முதல் ஒன்பதரை ஆண்டு கழித்துத் திரும்பும் முதலீட்டில் ஓய்வுக்காலச் சேமிப்பைப் போட வைப்பது, கணக்கு தெரிந்தபின் செய்யக்கூடிய காரியமன்று.

முடிவு

முழு நிலையங்களுக்கு ஃபிரான்சைஸ் கொடுப்பது அப்போதைக்கு இல்லை என்று உரிமையாளர் முடிவெடுத்தார். ஆனால் மூன்று காரியங்கள் உடனே தொடங்கின.

முதலாவது, நான்காவது நிலையத்தைச் சொந்தமாகவே, ஆனால் ஃபிரான்சைஸ் எடுத்தவர் நடத்துவதுபோல் நடத்துவது. புதிய வாடகை, சம்பள மேலாளர், மாதந்தோறும் 6 சதவீத ராயல்டியும் 2 சதவீத விளம்பரப் பங்கும் வேறொரு கணக்குக்கு மாற்றப்படும். உரிமையாளர் வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் அங்கே போவதில்லை என்பதும் விதி. இதைத்தான் அவர் மிகக் கடினமாக உணர்ந்தார்.

இரண்டாவது, துணி வாங்கிக் கொடுக்கும் முகப்புகள். வெளுப்பது முதல் நிலையத்தில். முகப்பை நடத்துபவர் வாங்குவதும் ஒப்படைப்பதும் மட்டுமே. ஒரு முகப்பில் 45 விற்பனை வந்தால் நடத்துபவர் பங்கு 16. சிறிய இடத்தின் வாடகை, ஓர் உதவியாளர், மின்சாரம் போக அவர் கையில் 7. முகப்பில் நிற்கும் பணியாளருக்கு ஆகும் சம்பளம் 4தான் என்பதால் இது அவருக்கு ஆதாயமே. இயந்திரத்தில் முடங்கும் முதலும் இல்லை. தலைமைக்கு வரும் 29இல், இரண்டாம் ஷிப்ட் ஓட்டும் கூடுதல் செலவு 20 போக 9. முழு ஃபிரான்சைஸ் தந்திருக்கக்கூடிய 6ஐவிட இது அதிகம். தரமும் கையை விட்டுப் போவதில்லை. வண்டி ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரத்துக்கு அப்பால் இது நடக்காது, இரண்டாம் ஷிப்ட் நிரம்பினால் நின்றுவிடும் என்பவை இதன் எல்லைகள். முகப்பு என்று பெயர் வைத்துவிட்டால் ஃபிரான்சைஸ் சட்டம் தொடாது என்று நினைப்பதும் தவறு. அமெரிக்க விதி பெயரைப் பார்ப்பதில்லை, வணிகச் சின்னம், கணிசமான கட்டுப்பாடு அல்லது உதவி, கட்டாயமாகச் செலுத்தும் தொகை ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்றுதான் பார்க்கிறது. இங்கே நுழைவுக் கட்டணம் வாங்காமல் விட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது, தொலைபேசிக் குறிப்பேடு தொடர வேண்டும். வரும் ஒவ்வொரு கேள்வியும் பதிலோடும் படத்தோடும் கையேட்டில் ஏற வேண்டும்.

ஓராண்டுக்குப் பின்

நான்காவது நிலையம் முதலாண்டில் 68 விற்றது. எதிர்பார்த்த 60ஐவிட அதிகம். ஆயினும் செலவு 73, தேய்மானம் 6, ஆக 11 இழப்பு. மாற்றி வைத்த ராயல்டியும் விளம்பரப் பங்கும் சுமார் ஐந்தரை. அதைச் சேர்த்தால் பதினாறரை. தேய்மானம் கையிலிருந்து போவதில்லை என்பதால் உண்மையில் போட வேண்டியிருந்தது பத்தரை. முன்பு போட்ட மதிப்பீட்டுக்கு மிக அருகில். தரகரின் அறிக்கையில் முதலாண்டு இழப்பு என்ற வரியே கிடையாது. இனிமேல் யாரிடம் பேசினாலும் இந்த எண்தான் முதல் பக்கத்தில் இருக்கும் என்று உரிமையாளர் சொல்லியிருக்கிறார். ஒப்பந்தக் காலம் ஐந்திலிருந்து பத்து ஆண்டாக மாறியது. டிரை கிளீனிங் முதல் நிலையத்துக்கு வருவது கட்டாயமானது. நுழைவுக் கட்டணம் பயிற்சிக்கும் திறப்புக்கும் ஆகும் 6ஆகக் குறைக்கப்பட்டது. மூடும்போது துணிகளைத் தலைமையே எடுத்துவந்து திருப்பித் தரும், அதற்கு ஒரு வைப்புத்தொகை இருக்கும் என்ற பிரிவும் எழுதப்பட்டது. இந்த வரைவைக் கொண்டு முதலில் பேசப்போவது இரண்டாவது நிலையத்தைப் பார்த்துக்கொள்பவரிடம். அவர் முதலுக்குப் பதிலாக, ராயல்டி போக மிஞ்சும் உபரியில் ஒரு பகுதி ஆண்டுதோறும் அவர் பங்காகச் சேர்ந்துகொண்டே வரும்.

குறிப்பேட்டை மறுபடியும் இரண்டு வாரத்துக்கு எண்ணிப் பார்த்தார்கள். நான்காவது நிலையத்திலிருந்து வந்தவை 17 அழைப்புகள். அவற்றில் 11 பட்டுத் துணி பற்றியவை. ஓராண்டு எழுதியும் பட்டு மட்டும் கையேட்டுக்குள் அடங்கவில்லை. எனவே, புதிய நிலையங்கள் பட்டைத் தாங்களாக வெளுக்கக்கூடாது, வாங்கி முதல் நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்று வரைவில் ஒரு வரி சேர்ந்தது. மீதி ஆறும் இழப்பீட்டுத் தகராறுகள். அவற்றில் ஐந்தில் அக்கா சொன்ன பதில் ஒன்றேதான்: கொடுத்துவிடுங்கள். ஒரு குறிப்பிட்ட தொகைவரை இனிக் கேட்காமலே கொடுக்கலாம் என்று மேலாளருக்கு அதிகாரம் எழுதித் தரப்பட்டது. ஆறாவது, சாயம் கசிந்த ஒரு கோட்டு. அதை அவர் வண்டியில் அனுப்பச் சொல்லித் தாமே பார்த்தார்.